ரவி அஸ்வின் யார்?

அன்புள்ள சார்,

கிரிக்கெட்டில் ஆங்கில வர்ணனையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நம் ஆட்டக்காரர்களின் பெயர்களை வெளிநாட்டு வர்ணனையாளர்கள் கொத்துப் பரோட்டா போடுகிறார்கள். நடராஜன் என்ற பெயரை ஒருவர்கூட ஒழுங்காகச் சொல்லிக் கேட்டதில்லை. பேசுவதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்? நம் பிள்ளைகள் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்தால் வகுப்பே சிரிக்கிறது. அவர்கள் தப்பாகச் சொன்னால் ‘அக்சென்ட்’ என்று விட்டுவிடுகிறோம். இது திமிர் என்பது என் கட்சி. நான் இப்போதெல்லாம் தமிழ் வர்ணனைக்கு மாறிவிட்டேன், அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

இன்னொன்று. சதுரங்கத்தில் பிரக்ஞானந்தாவை ‘ப்ராக்’ என்று கத்தரித்துவிட்டார்களே, அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

திமிர் என்று நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டின்போது ஆஸ்திரேலிய வர்ணனையாளர் கெர்ரி ஓ’கீஃப் புஜாரா, ஜடேஜா பெயர்களை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா என்கிற தொனியில் நேரலையில் கேலி பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். யார்க்‌ஷயர் என்ற இங்கிலாந்து உள்ளூர் அணிக்கு ஆடப்போன அதே புஜாராவுக்கு அங்கே ‘ஸ்டீவ்’ என்று பெயர் வைத்தார்கள். சேதேஷ்வர் என்ற அவருடைய பெயரைச் சொல்ல வரவில்லையாம். அங்கே நிலவிய இனவெறி பற்றிய புகார்களோடு இந்த விஷயமும் 2020இல் வெளியே வந்தது. சில வாரங்களில் அடிலெய்டு டெஸ்ட். அங்கே வர்ணனையாளராக இருந்த ஷேன் வார்ன் நேரலையில் அவரை ‘ஸ்டீவ்’ என்றே குறிப்பிட்டார்.

சேதேஷ்வர் கடினம் என்றே வைத்துக்கொள்வோம். புஜாரா என்பதில் இருப்பது மூன்றே எழுத்து, அதில் ஆங்கிலம் பேசுபவரின் வாயில் நுழையாத ஒலி ஒன்றுகூடக் கிடையாது. எனவே நாக்கு புரளவில்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. இவ்வளவுதான் நீங்கள் சொன்ன திமிர்.

மற்ற பாதியில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘நடராஜன்’ என்பதன் ‘ட’ அவர்கள் வாயில் வேறுமாதிரி விழுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் அவர்கள் பேச்சில் இல்லை. நாற்பது வயதில் வர்ணனை அறைக்கு வந்து ‘ழ’கரம் பழகு என்று யாரையும் வற்புறுத்த முடியாது. போலந்து டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியோன்டெக்கை நம் ஆட்கள் ‘ஸ்வியாடெக்’ என்கிறார்கள். அவர் ஊர் எழுத்தில் அந்த ‘ஏ’யின் அடியில் ஒரு சின்ன வால் இருக்கிறது. அந்த வால் வந்தால் ‘ஒன்’ என்று மூக்கால் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தட்டச்சில் வால் உதிர்ந்துவிட்டது, கூடவே ஒலியும். இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் வர நியாயமில்லை.

பெயருக்கு உரியவரே விட்டுக்கொடுத்துவிட்டால் மற்றவர்கள் சண்டை போடுவதில் அர்த்தமும் இல்லை. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் மார்னஸ் லபுஷேன் தென்னாப்பிரிக்காவில் பிறந்து பத்து வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அவர் பிறந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைத் தொண்டையிலிருந்து காறிக்கொண்டு ‘லபுஸ்காக்னி’ என்பதுபோலச் சொல்வார்கள். ஆஸ்திரேலியர்கள் ‘லபுஷேன்’ என்றார்கள், அவரும் சரி என்றார். முடிந்தது கதை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. உச்சரிப்பில் பிசிறே இல்லாமல், மிகத் தெளிவாகச் சொல்லப்படுகிற ஒரு பெயர்: ‘ரவி அஸ்வின்’. ஆஸ்திரேலிய வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், இங்கிலாந்துக்காரர்கள் சொல்கிறார்கள், நம்மவர்களும் ஆங்கிலத்தில் பேசும்போது சொல்கிறார்கள். யார் இந்த ரவி? அஸ்வினின் அப்பா ரவிச்சந்திரன். சென்னையில் கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். மெல்போர்னிலும் லார்ட்ஸிலும் மகன் சுழல் போடும்போதெல்லாம் அப்பாவைச் செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர்போர்டில் ஒற்றை எழுத்தாக நின்ற தலைப்பெழுத்தைப் பிரித்துப் பார்த்து, அது முதல் பெயர் என்று முடிவுகட்டி, நட்போடு சுருக்கியும்விட்டார்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அப்பா பெயர் முன்னால் வரும் என்று யாரையாவது கேட்டிருந்தால் இந்த ரவி பிறந்தே இருக்கமாட்டார்.

முரளி விஜய்க்கும் தங்கராசு நடராஜனுக்கும் இதே கதைதான். பின்னால் போட்டாலும் தப்பவில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பனை ஆங்கிலச் செய்திகள் இரண்டாம் பத்தியிலிருந்தே ‘தங்கவேலு’ ஆக்கிவிட்டன. தங்கவேலு அவருடைய அப்பா. மாரியப்பனைத் தனியாக நின்று, காய்கறி விற்று வளர்த்தவர் அம்மா சரோஜா. தாண்டியது மகன், வளர்த்தது அம்மா, பேர் அப்பாவுக்கு. பாஸ்போர்ட்டிலும் போட்டி விண்ணப்பத்திலும் ‘சர்நேம்’ என்றொரு கட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லை என்றால் படிவம் விடுவதில்லை. அப்பா பெயரைப் போட்டு நிரப்புகிறோம். அந்தப் படிவம் பட்டியலாகி, பட்டியல் திரையில் எழுத்தாகி, எழுத்து வர்ணனையாளரின் வாய்க்கு வந்து சேர்கிறது. நடுவில் ஒருவர் நிறுத்தி, ‘உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்று கேட்டால் போதும்.

கேட்பதற்கு வழியில்லாமலும் இல்லை. டென்னிஸில் ஆண்களுக்கான ஏடிபி, பெண்களுக்கான டபிள்யூடிஏ அமைப்புகளின் தளங்களில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கேட்கலாம். பெயர்களின் உச்சரிப்பைத் தேடிச் சொல்வதற்கென்றே பிபிசியில் மொழியியல் படித்தவர்கள் இருக்கும் ஒரு பிரிவு இயங்குகிறது. கால்பந்து வர்ணனையாளர் தடுமாறினால்கூட நான் மன்னிப்பேன். 22 பேர் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், பந்து ஒருவர் காலில் இரண்டு நொடி தங்குவதில்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் கேக்கைப் பற்றியும் புறாக்களைப் பற்றியும் பேச நேரம் இருக்கிறது. பந்து போடுகிறவனின் பெயரை விசாரிக்க நேரம் இருக்காதா?

இனி தமிழ் வர்ணனை. அங்கே தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னை அணிக்கு ஆடிய இலங்கை ஆட்டக்காரர் மதீஷ பத்திரணவை அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ‘பதிரானா’. தீக்‌ஷன ‘தீக்‌ஷனா’ ஆகிவிட்டார். சிங்களப் பெயர்கள் பெரும்பாலும் குறிலில் முடிபவை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்ப் பத்திரிகைகள் ரணதுங்க, ஜயசூரிய, சங்கக்கார என்று அச்சாக எழுதுகின்றன, காரணம் அவர்கள் பெயரைப் பக்கத்து வீட்டிலிருந்து காதால் கேட்கிறார்கள். நாமோ ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து ரணதுங்கா, ஜெயசூர்யா, சங்ககாரா என்று வாலை நீட்டுகிறோம். மஹேல ஜயவர்தனவின் கதிதான் மோசம். ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் ‘இ’ போட்டதை நம்பி ‘ஜெயவர்த்தனே’ ஆக்கி, கால் நூற்றாண்டாக அப்படியே எழுதிவருகிறோம்.

ஆங்கிலேயரிடம் ‘ழ’ இல்லை என்றேன். நம்மிடம் குறில் இல்லையா? குறில் நெடில் பிரித்து எழுதத் தனித்தனி எழுத்தே வைத்திருக்கும் மொழி இது. பத்திரணவும் தீக்‌ஷனவும் சேப்பாக்கத்தில் ஆடியவர்கள், அவர்கள் ஆட்டத்தை வர்ணித்தவர்களோ நம்மவர்கள். வெள்ளைக்காரர் கேட்காதது அலட்சியம் என்றால் இதை என்னவென்று சொல்வது?

இன்னும் கொடுமை ஒன்று இருக்கிறது. துப்பாக்கி சுடும் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றவர். வாலறிவன் அவருடைய அப்பாவின் பெயர். திருக்குறளின் இரண்டாம் குறளில் வரும் சொல், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வடக்கத்தி வர்ணனையாளர் ‘வலரிவன்’ என்றால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெயர் ஆங்கிலச் செய்திக்குப் போய், அங்கிருந்து மொழிபெயர்ப்பில் தமிழுக்குத் திரும்பியபோது ‘வளரிவன்’ என்றும் ‘வளரிவான்’ என்றும் வந்திறங்கியது. தமிழ்ச் செய்தி மேசையில் இருந்த யாருக்கும் அதைப் படிக்கும்போது ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் காலத்து வானொலி வர்ணனையைக் கேட்டவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும். வானொலியில் ஆளைப் பார்க்க முடியாது, பெயர்தான் ஆள். தொலைக்காட்சியில் முகமும் தெரிகிறது, கீழே எழுத்தும் ஓடுகிறது, பெயர் எப்படிப் போனால் என்ன என்கிற மெத்தனம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகவே புகார் எழுதுங்கள். முதல் கடிதத்தைத் தமிழ் ஒளிபரப்புக்கு எழுதுங்கள். திட்டி எழுதினால் குப்பைக்குப் போகும். நான்கு இலங்கை ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சரியான தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வர்ணனை அறையில் யாராவது அதை மேசையில் ஒட்டிவைக்கலாம். ஆங்கிலத்துக்கு எழுதுவதானால் உச்சரிப்பை விட்டுவிட்டு, எது ஆளின் பெயர், எது அப்பா பெயர் என்பதை மட்டும் சொல்லுங்கள். அது அவர்களால் முடிகிற காரியம்.

பிரக்ஞானந்தாவைப் பற்றி. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எத்தனை தமிழர்களால் முடியும் என்பது முதல் கேள்வி. பெரும்பாலோர் ‘பிரக்யானந்தா’ என்கிறார்கள், மிச்சப்பேர் ‘பிரகு’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். சக ஆட்டக்காரர்கள் ‘ப்ராக்’ என்பது சுருக்கம்தான், வேறொருவரின் பெயர் இல்லை. சர்வதேசப் பட்டியலில் அவர் பெயர் முன்னாலும் தலைப்பெழுத்தான ‘ஆர்’ பின்னாலும் இருக்கிறது. அது சரியான வரிசை. அவருக்கு முன்னால் போன ஆனந்துக்கு அந்த வசதிகூட வாய்க்கவில்லை. அப்பா விஸ்வநாதனின் பெயரைச் சுருக்கி ‘விஷி’ என்றார்கள், அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். இன்று உலகம் முழுக்க அவர் ‘விஷி’தான். உரியவர் ஏற்றுக்கொண்ட பிறகு ஈரோட்டிலிருந்து நீங்களும் இங்கிருந்து நானும் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?