30 அத்தியாயம் எதற்கு?

கேள்வி: தோழி சொன்னாள் என்று ஒரு ரசிகர் புனைவு (வேறொருவர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) படித்தேன். துப்பறியும் தொடர் ஒன்றில் வருகிற, யாருக்கும் பதில் சொல்லாத திமிர்க்காரனும் அவனுடன் வேலை பார்க்கிற பெண்ணும்தான் ஜோடி. 30 அத்தியாயம் ஆகியும் ஒருவரும் காதலைச் சொல்லவில்லை. 12ஆவது அத்தியாயம் முழுக்க, ஏன் தாமதமாக வந்தேன் என்று அவன் அவளிடம் சொல்கிறான், அவ்வளவுதான். தோழியோ நடை, பாத்திரப் படைப்பு என்று உருகுகிறாள். பாத்திரங்களே இரவல். இதில் பாராட்ட என்ன இருக்கிறது?

பதில்: யாருக்கும் பதில் சொல்லாதவன் ஒருத்தியிடம் மட்டும், அவள் கேட்காமலேயே, காரணம் சொல்கிறான். இதைவிடப் பெரிய சம்பவம் அந்த ஆளின் வாழ்க்கையில் என்ன நடந்துவிடும்? கேள்வியிலேயே விடையை எழுதிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள்.

இரவல் பாத்திரம் என்றால் வேலை சுலபம் என்று நினைப்பது தவறு. புதிதாக ஒருவனைப் படைத்தால் அவன் எப்படிப் பேசினாலும் நம்பிவிடுவோம். ஏற்கெனவே தெரிந்தவன் ஒரு வரி பிசகிப் பேசினால்கூட 'இவன் அவனில்லை' என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தத் திமிர் குறையாமல் அவனைக் கனிய வைக்க வேண்டும். அதற்குத்தான் 30 அத்தியாயம். மூன்றாம் அத்தியாயத்திலேயே அவன் உருகிக் கவிதை சொல்லியிருந்தால் உங்களுக்கே பிடித்திருக்காது.

அப்புறம் நடை. இந்த வகைக் கதையை நன்றாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவர் கண் வழியாகவே கதையை நகர்த்துவார்கள். அவள் பார்ப்பது அவன் கை வழக்குக் கோப்பு ஒன்றை மூடுவதை மட்டும். அவன் மனதுக்குள் நாம் போக முடியாது. அவள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறாள், நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோம். அந்த இடைவெளியில்தான் காதல் வளர்கிறது. 'அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது' என்று ஒரு வரி எழுதினால் அத்தனையும் போச்சு. எழுதாமல் விடுவதற்கு நிறைய தைரியம் வேண்டும்.

மெதுவாகப் போகிற எல்லாக் கதைக்கும் நான் பரிந்து பேசவில்லை. ஒரு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் தப்பெண்ணத்தை வைத்துப் பத்து அத்தியாயம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அது இழுவைதான். ஒரு சோதனை சொல்கிறேன்: நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தை உருவிவிடுங்கள். அடுத்த அத்தியாயத்தில் அவர்கள் பேசிக்கொள்வது பொருந்தவில்லை என்றால் எழுதியவருக்குத் தன் வேலை தெரியும். உங்கள் 12ஐ உருவினால் 13 நிற்குமா?

ரசிகர் எழுத்துதானே என்ற அலட்சியமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அத்தகைய கதைகளைச் சேர்த்து வைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்துக்கு 2019இல், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் புகழ்பெற்ற ஹ்யூகோ விருதே கொடுத்தார்கள். பெரும்பாலும் இவர்கள் காசு வாங்காமல் எழுதுகிறவர்கள். கிடைக்கிற கூலி வாசகர் சொல்லும் சொல்தான். ஆகவே உங்கள் தோழியிடமும் ஒன்று சொல்லுங்கள்: 'சூப்பர், அடுத்தது எப்போது?' என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம். எந்த வரியில் நின்று திரும்பப் படித்தாளோ, அந்த வரியைக் குறிப்பிட்டு அந்த எழுத்தாளருக்கு எழுதட்டும்.