ஓதம் அடிக்கிற சுவர் – கடிதம்

வணக்கம் அண்ணா, தாத்தா கட்டின சுண்ணாம்புக் காரை வீடு. ஹால் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் அடிக்குது. சிமென்ட் பூசியும் பொரிஞ்சு கொட்டுது. பெயின்ட் கடையில ஒரு டப்பாவுல வாட்டர்ப்ரூஃப்னு இருக்கு, இன்னொண்ணுல டேம்ப்ப்ரூஃப்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா? எதை வாங்க? போன வருஷம்தான் வீட்டைச் சுத்தி மண்ணே தெரியாம சிமென்ட் போட்டேன்.

அன்புள்ள தம்பி,

தாத்தா வீட்டை இடிக்காம வெச்சிருக்கீங்க, அதுக்கே உங்க மேல எனக்குப் பிரியம் வந்துடுச்சு. தண்ணி அழுத்தி நின்னாலும் தாங்குறது வாட்டர்ப்ரூஃப், அழுத்தமில்லாத ஈரத்தை மட்டும் தடுக்குறது டேம்ப்ப்ரூஃப். டப்பாக்காரங்க மாத்தி மாத்தித்தான் எழுதுவாங்க, அத விடுங்க.

ஆனா அந்தக் கடைசி வரி இருக்கே, மண்ணே தெரியாம சிமென்ட் போட்டேன்னு, அதப் படிச்சதும் கோவம் வந்துடுச்சு. ஏன் தம்பி போட்டீங்க? அந்தக் காலத்து வீட்டுல பெரும்பாலும் அஸ்திவாரத்துக்கு மேல ஈரத்தடுப்பு கிடையாது, தரை ஈரம் செங்கல் வழியா ஏறத்தான் செய்யும், முன்னாடி அதுல பாதி வெளி மண்ணுலயே காஞ்சு போயிடும், மிச்சம் சுண்ணாம்புப் பூச்சு வழியா ஆவியாயிடும். நீங்க வெளிய மண்ணை மூடிட்டீங்க, உள்ள சிமென்ட் பூசிட்டீங்க, இப்ப அது எங்க போகும்? இன்னும் மேலதான் ஏறும். கூடவே உப்பையும் கொண்டு வரும், பூச்சுக்குப் பின்னாடி அந்த உப்பு படிகமாகி உப்பும்போதுதான் பொரிஞ்சு கொட்டுது. இதுல டப்பா பெயின்டையும் அடிச்சா இடுப்பு வரைக்கும் இருக்கிற ஓதம் தோளுக்கு வந்துடும்.

எங்க அப்பத்தா வீட்டுல வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிப்பாங்க. முதல் நாளே பானையில சுண்ணாம்பு தாளிச்சு வெச்சிடுவாங்க, கொதிக்கிற சத்தம் திண்ணை வரைக்கும் கேக்கும், பக்கத்துல போனா அப்பத்தா தொடையிலயே ஒண்ணு வைக்கும். மழைக்காலத்துல அந்தச் சுவர் தொட்டா சில்லுன்னு இருக்கும், தை மாசம் காஞ்சு கிடக்கும். குடிக்கிறதும் காயிறதும் அந்தச் சுவரோட சுபாவம், அத நோய்னு நினைச்சு மூடி அடைக்காதீங்க.

மொட்டைமாடிக்கும் தண்ணித் தொட்டிக்கும் வாட்டர்ப்ரூஃப் தாராளமா அடிங்க, அங்க அது வேணும். சுவர்ல வேண்டாம். முதல்ல சுவரை ஒட்டி ஒரு முழம் அகலத்துக்கு அந்த சிமென்டைப் பேத்து எடுங்க, ஜல்லி கொட்டுங்க, மாடித்தண்ணிக் குழாயைத் தள்ளி விடுங்க. உள்ள இருக்கிற சிமென்ட் பூச்சைக் கொத்திட்டு ஒரு கோடை முழுக்கக் காய விடுங்க, அதுக்கப்புறம் சுண்ணாம்புல பூசத் தெரிஞ்ச வயசான கொத்தனார் யாராச்சும் இருக்காரான்னு தேடுங்க. ஆள் கிடைக்கலேன்னா எனக்கு எழுதுங்க.