பிஎச்.டி. கைடு என் சாப்டரை மாதக்கணக்கில் படிக்காமலே வைத்திருக்கிறார். கைடை மாற்றிவிடலாமா?

மாற்றலாம், வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பார்ட் டைமில் பதிவு செய்தவர் என்று தோன்றுகிறது. ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பு, சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி கைடைப் பார்க்கப் போகிறீர்கள். அவர் மீட்டிங்கில் இருக்கிறார், "அடுத்த வாரம் வாங்க" என்கிறார். தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நானும் ஒரு கைடுதான். மதுரையில் ஓர் உதவி பெறும் கல்லூரியில் பொருளியல் துறை. "கைடுகளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாங்க" என்று கீழே யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: கொடுத்த சாப்டரைப் படிக்காமல் வைத்திருப்பது கைடு மேல் உள்ள தப்புதான். நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல், அட்மிஷன் டியூட்டி, பேப்பர் திருத்தப் போனேன் என்ற சாக்கெல்லாம் எடுபடாது. இதெல்லாம் இருக்கும் என்று தெரிந்துதானே ஆளைச் சேர்த்தோம்? யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பேராசிரியர் 8 பேர், அசோசியேட் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அது உச்ச வரம்பு. அத்தனை இடத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு 6 இடம் இருந்தும் பாதிக்கு மேல் நிரப்பியதில்லை. பெருமை பீற்றுகிறேன் என்பார்கள். பீற்றிக்கொள்கிறேன், போங்கள்.

படிப்பது என்று நான் சொல்வது எழுத்துப் பிழை திருத்துவதை அல்ல. என்னிடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆய்வுக்குச் சேர்ந்தார். தலைப்பு, மல்லிகை விவசாயிகளின் வருமானம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதைப் பற்றிப் பேசாதவர் கிடையாது, ஆனால் பூ எடுக்கிறவர் கையில் என்ன நிற்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. நல்ல தலைப்பு. நாலாவது சாப்டரைக் கொண்டுவந்தார். டேபிள், சதவீதம், கை-ஸ்கொயர் என்கிற புள்ளியியல் டெஸ்ட் எல்லாம் கச்சிதமாக இருந்தது. வேறு யாராவது என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்கள்.

எனக்கு அந்த வருட வருமானக் கட்டம் உறுத்தியது. ஐம்பதாயிரம், எண்பதாயிரம், ஒரு லட்சம். எல்லாமே முழு எண்கள். மல்லிகையைத் தினமும் விடியுமுன் எடுத்துத் தினமும் விற்கிறார்கள். கோடையில் பூ கொட்டும்போது கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். மார்கழி, தை பனியில் விளைச்சல் படுத்து, முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் ஆயிரங்களில் போகும். இப்படி ஏறி இறங்குகிற வரும்படியைக் கூட்டினால் எல்லார் வீட்டிலும் முழு எண்ணாகவா வந்து நிற்கும்?

அவரோடு நானும் கிராமத்துக்குப் போனேன். அதே கேள்வியை ஒரு பாட்டியிடம் கேட்கச் சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டு, "ஏத்தா, வருசத்துக்கு எம்புட்டுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அன்னன்னைக்கு வாறது அன்னன்னைக்கே போயிருது. நீயா பாத்துப் போட்டுக்க" என்றார். முதலில் எடுத்த சர்வேயிலும் இப்படித்தான் தோராயமாக ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். "எதுவும் எழுதி வைக்கிறது இல்லையா பாட்டி?" என்று கேட்டதற்கு, உள்ளே போய் வளைத்த கம்பி ஒன்றை எடுத்து வந்தார். கம்பி நிறைய, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைச் சீட்டுகளைக் குத்தி வைத்திருந்தார். விரல் நீளச் சீட்டு. தேதி, எடை, விலை, கமிஷன் கழிவு, அதற்குக் கீழே 'அ.ப.' என்று போட்டு ஒரு தொகை. அட்வான்ஸ் பற்று.

தீசிஸ் அந்த 'அ.ப.'வில்தான் இருந்தது. கடைக்காரர் முன்பணம் கொடுக்கிறார், அதனால் பூவை அவர் கடைக்கே போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். பழைய சாப்டரை அப்படியே தூக்கிப் போடச் சொன்னேன். அழுதார். அழத்தான் செய்வார்கள், ஒரு வருட உழைப்பு. ஆனால் அடுத்து வீடு வீடாகப் போய்ச் சீட்டுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து அவர் எழுதிய சாப்டரைத்தான் பின்னால் வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வரி வரியாகப் புகழ்ந்தார்.

நடுவில் அவருக்குக் குழந்தை பிறந்தது. மாமியார் வீட்டில் "படிச்சது போதும்" என்றார்கள். அவரும் விட்டுவிடத்தான் இருந்தார். பெண் ஆய்வாளருக்கு மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்று யுஜிசியின் 2016 விதியிலேயே இருக்கிறது, 2022 விதியிலும் இருக்கிறது. பிஎச்.டி.யை முடிக்க உள்ள 6 வருட வரம்புக்கு மேல் பெண்களுக்கு 2 வருடச் சலுகையும் உண்டு. ஆபீஸில் "அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார்கள். பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, விண்ணப்பத்தோடு நானே இணைத்துக் கொடுத்தேன். ஸ்காலர் போய் நின்றால் அலைக்கழிப்பார்கள், கைடு போய் நின்றால் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியை ஸ்காலருக்காகப் பயன்படுத்துவதும் கைடு வேலையில் சேர்த்திதான்.

வைவா என்றதும் ஞாபகம் வருகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஊரில் வைவாவைக் கல்யாணம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். எக்ஸ்டர்னலுக்கு ஏர்போர்ட்டிலிருந்து கார், ஏசி ரூம், மீனாட்சி அம்மன் கோயிலில் சிறப்பு தரிசனம், அவர் வீட்டம்மாவுக்குச் சுங்குடிச் சேலை, வந்தவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஜிகர்தண்டா. பணம் யாருடையது? ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவருக்கு மாதம் 37,000 வருகிறது, சமாளிப்பார். சுயநிதிக் கல்லூரிச் சம்பளத்தில் இருப்பவர் நகையை அடகு வைக்கிறார். என் ஸ்காலர்களிடம் காபி, வடைக்கு மேல் எதுவும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். "உங்களுக்குக் கஞ்சத்தனம்" என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். இவ்வளவு சொல்லியும் அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மூலையில் என் படம். எங்கிருந்து எடுத்தார்களோ தெரியவில்லை, பத்து வருடப் பழைய படம்.

சரி, உங்கள் விஷயம். கோபப்படாமல் ஒன்று யோசியுங்கள். நீங்கள் கொடுத்தது முழுச் சாப்டரா, இல்லை "பாதி முடிச்சிருக்கேன் சார், பாருங்க" என்று நீட்டியதா? பாதியைப் பார்க்க யாருக்கும் கை வராது. முழுசாகக் கொடுத்தும் இந்த நிலை என்றால், வாயால் கேட்பதை நிறுத்துங்கள். மெயிலில் சாப்டரை இணைத்து, எந்தத் தேதிக்குள் கருத்து வேண்டும் என்று மரியாதையாக எழுதுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நீங்கள் முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் டாக்டரல் கமிட்டி என்பார்கள். பல இடங்களில் இதைப் பேப்பரிலேயே முடித்துவிடுகிறார்கள். விடாதீர்கள், கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். எந்தச் சாப்டர் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பது அந்தக் கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்ஸில், ஏறட்டும். ஏறிவிட்டால் பெரும்பாலான கைடுகள் படித்துவிடுவார்கள். நானும் கைடு என்பதால் தெரியும்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் மாற்றுங்கள். ஆனால் புது கைடிடம் காலி இடம் இருக்கிறதா, உங்கள் தலைப்பை அப்படியே விடுவாரா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். அவர் எப்போது ரிட்டையர் ஆகிறார் என்பதையும் பாருங்கள். ஓய்வுக்கு 3 வருடம்கூட இல்லாதவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. அந்தத் தேதியை அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை ஆபீஸ் கிளார்க்கிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார்.