தோட்டத்து மருமகளுக்கு வதிவிட விசா: ஏஜென்ட் இல்லாமல் முடியுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நீலகிரி மாவட்டம் கோத்தகிரி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன். எங்கள் பாட்டி இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையில் பிறந்தவர், 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இந்தியா போனவர். போன வருடம் சொந்தத்திலேயே பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாப்பிள்ளையைக் கட்டினேன். கல்யாணமும் பதிவும் கோத்தகிரியில்தான். இப்போது சுற்றுலா விசாவில் வந்து மாமியார் வீட்டில் இருக்கிறேன். ஹட்டனில் ஒரு ஏஜென்ட், “பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பெரிய தொகை கேட்கிறார். நாங்களே செய்ய முடியாதா? பாட்டி இங்கே பிறந்ததால் எனக்கு இலங்கைக் குடியுரிமையே கிடைக்கும் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள், உண்மையா? என் கணவர் சில மாதத்தில் கட்டாருக்கு வேலைக்குப் போகப்போகிறார்.

பதில்: நீங்களே செய்யலாம். செய்வதுதான் நல்லதும்கூட. ஆனால் முதலில் பாட்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கையில் விசாத் தேதியைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாகவும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதாகவும் முடிவானது. உங்கள் பாட்டி முதல் கணக்கில் சேர்ந்து இந்தியப் பிரஜையானவர். இங்கே பிறந்தார் என்பது மட்டும் அவருக்கே அப்போது உதவவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மண்ணில் பிறந்ததை மட்டும் போதுமென்று எடுத்துக்கொள்ளவில்லை, அப்பன் பாட்டன் பிறப்பையும் கேட்டது. பேத்திக்கு அதே பிறப்பு எப்படி உதவும்? தோட்டத்தில் சொல்பவர்கள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அது 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்தவர்களுக்கும், இங்கேயே வாழும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் உரியது. 2009இல் வந்த திருத்தம் போரினால் அகதியாக இந்தியா போனவர்களை நினைத்துச் செய்தது. இரண்டிலும் உங்களுக்கு இடமில்லை. பாட்டியின் பழைய குடும்ப அட்டையை பத்திரமாக வைத்திருங்கள், குடும்பத்துக்கு அது பெரிய சொத்து. விசாக் கோப்பில் வைக்க வேண்டாம், பார்க்கும் அதிகாரிக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

உங்கள் வழி வேறு, அது நேரான வழி. இலங்கைப் பிரஜையின் மனைவி என்ற முறையில் வதிவிட விசா. வேலைக்கு வருபவர்கள் போன்ற சில வகையினருக்கு நாட்டுக்குள் வருமுன்பே நுழைவு விசா வேண்டும். மனைவியாக வருபவர் சுற்றுலா விசாவில் வந்தும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். கண்டியில் கிளை இருக்கிறதே என்று அங்கே ஏறி இறங்காதீர்கள். அங்கே முக்கியமாக நடப்பது இலங்கையர்களின் கடவுச்சீட்டு வேலை.

சரி, இன்றைக்கே பார்க்க வேண்டியது உங்கள் சுற்றுலா விசா எந்தத் தேதியில் முடிகிறது என்பது. முதலில் கிடைப்பது வழக்கமாக 30 நாள். மனைவி விசாவுக்கு மனுப் போட்டால் பாதுகாப்பு அனுமதிக்காகக் கோப்பு வெளியே போய்த் திரும்ப வேண்டும், அதற்கு இத்தனை நாள் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். விண்ணப்பம் உள்ளே இருக்கிறது என்பதால் பழைய விசா தானாக நீளாது. ஆகவே முதலில் சுற்றுலா விசாவை நீடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் நிதானமாக மற்ற வேலை. நீடிப்பை இணையத்திலும் செய்யலாம், ஆனால் முகவரி ‘ஜிஓவி.எல்கே’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2024இல் இணைய விசா முறையை மாற்றினார்கள், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, பழைய ஈடிஏ (இணையப் பயண அனுமதி) முறை திரும்பி வந்தது. அரசாங்கத் தளம்போலவே தோன்றும் தனியார் தளங்களும் உண்டு, கூடுதல் காசு பிடுங்குவதற்கென்றே.

இனி மலையகத்தில் விசாக் கோப்புகள் உண்மையில் எங்கே சிக்குகின்றன என்பதைச் சொல்கிறேன். பெயரில். சட்டத்தில் சிக்குவது அபூர்வம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். ஒரு பக்கம் உங்கள் பெயர், மறுபக்கம் உங்கள் கணவர் பெயர். எந்தப் பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். உதாரணத்துக்கு அவர் பெயர் லெட்சுமணன் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் விபரம் அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் பதிவுக்குப் போனது. கிளாக்கர் காதில் விழுந்தபடி பிறப்புப் பத்திரத்தில் ‘லெச்சுமன்’. பழைய அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டும், அதை வாசித்தால் ‘லக்ஷ்மன்’. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் ஏறி ‘பெரியசாமி லெட்சுமணன்’. கோத்தகிரியில் பதிவு எழுதியவர் தமிழ்நாட்டு வழக்கப்படி ‘பெ. லட்சுமணன்’ என்று போட்டிருப்பார். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு நான்கு பேர். உங்கள் பக்கத்திலும் சிக்கல் வரும். தமிழ்நாட்டில் எடுத்த பல கடவுச்சீட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் வெறுமையாக இருக்கும், அல்லது இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போட்டிருப்பார்கள். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்ற சந்தேகமே வேண்டாம், கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி உள்ளதோ அப்படியே.

தாளைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். எழுத்துப் பிழை, பெயர் முன்பின், இனிஷியல் இவையெல்லாம் சின்ன வித்தியாசம். ‘இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தால் போதும். எல்லா வடிவங்களையும் ஒரே கடதாசியில் போடுங்கள், ஒன்றை விட்டால் மறுபடி அலைச்சல். ஆனால் தகப்பன் பெயரே வேறு, பிறந்த தேதியே வேறு என்றால் சத்தியக் கடதாசி எடுபடாது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்ப் பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாமல் உத்தேச வயதுப் பத்திரம் வைத்திருப்பவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். அவருக்கும் அப்படியென்றால், அதே தேதிதான் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏஜென்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இங்கே புரியும். இந்தத் தாளை அவரால் எழுத முடியாது. பெரியசாமியின் பெயர் மாமியாரின் கல்யாணப் பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று மாமியாரைத்தான் கேட்க வேண்டும். ஏஜென்ட் செய்யப்போவது படிவம் நிரப்புவதும் வரிசையில் நிற்பதும். அதிலும் நீங்கள் இருவரும் நேரில் போகாமல் வேலை முடியாது. மொழிபெயர்ப்புக்கு ஆள் வையுங்கள், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பார்த்து. ஆனால் மூலக் கடவுச்சீட்டை எந்த இடைத்தரகர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்தது விலாசம். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இதுவே பாதிப் பிரச்சினை. வீட்டு உறுதி கிடையாது, கரண்ட் பில் மாமனார் பெயரிலோ தோட்டத்துப் பெயரிலோ இருக்கும், கடிதம் வீட்டுக்கு வராமல் தோட்டத்து ஆபீசில் கிடக்கும். கணவர் அங்கே வசிப்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் விலாசத்தை வேறுவேறாக எழுதாமல், லயன் இலக்கம், டிவிசன், தோட்டம், தபால் நிலையம் என்ற ஒரே வரிசையை எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். திணைக்களம் அனுப்பும் கடிதத்தை நம்பி உட்காராதீர்கள். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கட்டாயம் கொடுங்கள், விண்ணப்ப இலக்கத்தைக் குறித்துக்கொண்டு நீங்களே விசாரியுங்கள்.

இந்தியாவிலிருந்து வரவேண்டியவை இரண்டு. ஒன்று கல்யாணப் பதிவுச் சான்றிதழ். வெறும் சான்றிதழை இங்கே நீட்டினால் இது உண்மைதான் என்று யார் சொல்வது என்பார்கள். தமிழ்நாட்டு அரசின் சான்றொப்பம், அதன்மேல் இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பம், அப்புறம் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் என்று அது ஏற வேண்டும், இதே வரிசையில். கோத்தகிரியில் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் அவர்களிடம் ஒப்படையுங்கள், இதற்காக நீங்கள் திரும்பிப் போகத் தேவையில்லை. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துச் சான்றொப்பம் வாங்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொலிஸ் நற்சான்று. ஊரில் இருந்தபோதே கோயம்புத்தூர் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாக எடுத்து வந்திருந்தால் சுலபம். எடுக்கவில்லையா, பரவாயில்லை. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். மலையகத்து மக்களுக்கும் அந்த அலுவலகத்துக்கும் பழைய உறவு உண்டு, உங்கள் பாட்டியின் தலைமுறை இந்தியக் கடவுச்சீட்டுக்காக நின்ற வரிசைகளை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். இந்தியாவில் உங்கள் விலாசத்துக்கு விசாரிப்பு வரலாம், அப்பா அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். பொலிஸ்காரர் வந்து கேட்டதும் பதறிப்போய் “அவள் இங்கேதான் இருக்கிறாள்” என்று சொல்லிவிடப் போகிறார்கள்.

மற்றவை இங்கேயே உள்ளவை: விண்ணப்பப் படிவம், புகைப்படம், இருவரின் கடவுச்சீட்டும், கணவருடைய அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும், பிறகு “இவர் என் மனைவி, என்னோடு வசிக்கிறார், விசா வழங்கவும்” என்று அவர் கையெழுத்தில் ஒரு கோரிக்கைக் கடிதம். கடிதம் அரைப் பக்கம் போதும். காதல் கதையெல்லாம் வேண்டாம். உங்கள் கடவுச்சீட்டு சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அதை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும், திணைக்களத் தளத்தில் அன்றைய விபரத்தைப் பார்த்துப் பணம் எடுத்துப் போங்கள்.

பத்தரமுல்லைக்குப் போகும் நாள் பற்றி. போயா (பௌர்ணமி) விடுமுறை தினமா என்று கலண்டரைப் பாருங்கள். போட்டோ கொப்பியெல்லாம் ஹட்டனிலேயே எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. மூலப் பத்திரங்களைத் தனி உறையில் வையுங்கள். அவிசாவளை வந்து, கடுவெலையில் 177ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் மாலபே வழியாகப் பத்தரமுல்லையில் இறங்கலாம், கொழும்புக் கோட்டைவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. திணைக்களம் இருக்கும் கட்டடத்தின் பெயர் ‘சுஹுருபாய’, அப்படிக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். முதல் பஸ்ஸில் கிளம்பினாலும் பொகவந்தலாவையிலிருந்து போய்ச் சேர நேரமாகிவிடும். முந்தின இரவே கொழும்புப் பக்கம் தங்க முடிந்தால் நல்லது. தமிழில் பேசலாமா என்று தயங்க வேண்டாம். தமிழ் அரச கரும மொழி, தமிழில் கேட்பதும் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. தமிழ் தெரிந்த அலுவலர் வரும்வரை கொஞ்சம் காத்திருக்க நேரலாம், அவ்வளவுதான். கவுண்டரில் எதையாவது குறை என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாமல், என்ன பத்திரம் வேண்டும் என்பதை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு அலுவலர் இருப்பார், அந்தத் துண்டுதான் பேசும்.

கட்டார் விஷயம் எனக்குக் கவலை தருகிறது. இந்த விசா உங்கள் கணவரைச் சார்ந்தது. விண்ணப்பிக்கும்போது அவர் நேரில் நிற்க வேண்டும், புதுப்பிக்கும்போதும் அவரைக் கேட்பார்கள். ஆகவே முதல் விசா கடவுச்சீட்டில் பதியும்வரை அவர் பயணத் தேதியைப் போடாமல் இருப்பது நல்லது. பதிந்ததும் அது முடியும் தேதியைப் பார்த்து, அவருடைய முதல் லீவை அதற்கு ஒரு மாதம் முன்னால் வருமாறு ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்ளட்டும். முதலாளியிடம் பின்னால் லீவு கேட்பதைவிட இது எளிது.

விசா கிடைத்தால் வேலைக்குப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முத்திரையில் எழுதியிருக்கும் நிபந்தனையை வாசியுங்கள், வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) உதவி, ஊர்ப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை என்று நல்ல மனதோடு கூப்பிடுவார்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டே போங்கள். இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமே என்று பின்னால் யாராவது சொன்னால், இந்தியச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, வேறு நாட்டுப் பிரஜையானால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பிள்ளை இங்கே பிறந்தால் தகப்பன் வழியில் இலங்கைப் பிரஜை, பிறப்பைப் பதிவு செய்தால் போதும். கோத்தகிரியில் பிறந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி ஒரு வருடத்துக்குள் இலங்கைப் பிரஜையாகப் பதிய வேண்டும். சென்னையில் உள்ள இலங்கை அலுவலகத்திலேயே செய்யலாம். அதற்கும் கேட்கப்போவது சான்றொப்பம் ஏறிய இதே கல்யாணச் சான்றிதழைத்தான், ஆகவே மூலப் பிரதி ஒன்றுக்கு இரண்டாக இப்போதே எடுத்து, ஒன்றைக் கோத்தகிரியில் அம்மாவிடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.