டெம்ப்ளேட் சேவ் ஆகவில்லை, பிழை என்று காட்டும் வரியில் பிழையே இல்லை: எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டது இதுதானுங்களே: சென்னிமலைப் போர்வைக்கு ஒரு பிளாகர் தளம் வைத்திருக்கிறீர்கள். டெம்ப்ளேட்டில் ஒரு விளம்பர நிரலையும் வாட்ஸ்அப் பட்டனையும் ஒட்டியதிலிருந்து சேவ் ஆக மாட்டேன் என்கிறது. ‘டிவ்’ டேக் (பக்கத்தின் ஒரு பகுதியைச் சுற்றித் திறந்து மூடும் குறி) மூடப்படவில்லை என்று ஒரு வரி எண்ணைக் காட்டுகிறது. அங்கே போனால், பக்கத்தின் மொத்த உள்ளடக்கத்தையும் சுற்றி நிற்கும் ‘பாடி’யை மூடும் டேக் மட்டும்தான் இருக்கிறது, அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் அந்த வரியை விட்டுவிடுங்கள். தப்பு நடந்தது அதற்கு மேலே எங்கோ. கணினிக்கு அது உறைத்தது அந்த வரியில். எப்போதும் அங்கிருந்து மேல்நோக்கித்தான் தேட வேண்டும், கீழே பார்க்கவே வேண்டாம்.

பிளாகர் டெம்ப்ளேட் பார்க்க எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் மொழி) போலத் தெரிந்தாலும் அது எக்ஸ்எம்எல் கோப்பு, அதைவிடக் கண்டிப்பானது. எச்டிஎம்எல்லில் நீங்கள் எதையாவது மூட மறந்தால் பிரவுசர் தானாக ஊகித்து மூடிக்கொள்ளும். 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் விதிப்படி அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு அமைப்புப் பிழை வந்தாலும் படிப்பதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேறு தளத்தில் ஓடுகிற அதே நிரல் உங்களிடம் முரண்டு பிடிப்பது இதனால்தான். விளம்பர நிரல் கொடுத்தவர் எச்டிஎம்எல்லுக்காக எழுதியிருப்பார்.

அடுத்து, பாடியிடம் வந்து ஏன் நிற்கிறது? மூடி போட்ட சின்னப் போசியை (பாத்திரத்தை) பெரிய போசிக்குள் வைத்தால் சின்னதை மூடிவிட்டுத்தான் பெரியதை மூட முடியும். டேக்குகளும் அப்படித்தான். ஆனால் எல்லா டிவ்வுக்கும் மூடி ஒரே மாதிரி இருப்பதால், ஒரு மூடி விட்டுப்போனால் உள்ளே இருக்கிற டிவ் அடுத்த டிவ்வின் மூடியை எடுத்துக்கொள்ளும். அந்த டிவ் அதற்கடுத்ததன் மூடியை எடுத்துக்கொள்ளும். இப்படியே தள்ளிக்கொண்டு போய், டிவ் அல்லாத ஒரு மூடி வருகிற இடத்தில்தான் கணக்கு உதைக்கும். உங்கள் விஷயத்தில் அது பாடி.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. விட்டுப்போன மூடி எந்த ‘செக்‌ஷன்’ டேக்குக்கு (கேட்ஜெட் எனும் சேர்ப்புப் பெட்டிகளை வைக்கும் பகுதி) உள்ளேயும் இல்லை. இருந்திருந்தால் அந்த செக்‌ஷனை மூடும் வரியிலேயே சண்டை வந்திருக்கும். இன்னொன்று, கணினி மேலிருந்து கீழே வாசித்து முதல் பிழையிலேயே நின்றுவிடும் என்பதால், பாடிக்கு மேலே வேறு வகைப் பிழை ஏதும் இல்லை. ஆக நீங்கள் தேட வேண்டியது மூடாமல் விட்ட டிவ்வை மட்டும்தான். நீங்கள் ஒட்டிய துண்டை அப்படியே வெட்டி நோட்பேடில் வைத்துவிட்டு டெம்ப்ளேட்டைச் சேவ் செய்து பாருங்கள். சேவ் ஆனால் குற்றவாளி அந்தத் துண்டுக்குள் இருக்கிறது, அதில் திறப்பையும் மூடுதலையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகாவிட்டால், ஒட்டும்போது கை பட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு மூடியை அழித்திருக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ‘தீம்’ பக்கத்தில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். சேவ் ஆகாதவரை பழைய டெம்ப்ளேட் பத்திரமாகத்தான் இருக்கும், இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் எண்ணிச் சலித்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. எடிட்டரில் இருப்பதை மொத்தமாகக் காப்பி செய்து, நோட்பேடில் எக்ஸ்எம்எல் நீட்டிப்போடு யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, அந்தக் கோப்பைக் குரோமில் திறங்கள். பக்கத்தின் மேலே ஒரு பிழைப் பெட்டி வரும். பிளாகர் சொல்லாத ஒன்றை அது சொல்லும்: மூடாமல் கிடக்கும் டிவ் எந்த வரியில் திறந்தது என்று. மேலே சொன்ன தள்ளுமுள்ளு காரணமாக அது வெளிப்பக்கத்து டிவ்வைத்தான் காட்டும். ஆனால் அந்த வரிக்கும் பாடிக்கும் நடுவில் மட்டும் தேடினால் போதும் என்று ஆகிவிடுகிறதல்லவா, அதுவே பாதி வேலை.

இப்போதைக்கு டிவ் மட்டும்தான் சிக்கல், ஆனால் பின்னால் வேறு துண்டு ஒட்டும்போது வேறு வகைப் பிழை எட்டிப் பார்க்கலாம். வாட்ஸ்அப் பட்டனில் நிறையப் பேர் சிக்குவது & குறியில். தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே எழுதிய செய்தியையும் சேர்த்து அனுப்பும் இணைப்பில், எண்ணுக்கும் ‘டெக்ஸ்ட்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு & இருக்கும். எக்ஸ்எம்எல்லுக்கு & என்றால் ஒரு சிறப்புக் குறியின் தொடக்கம். ஆகவே ‘டெக்ஸ்ட்’ என்பதை ஒரு குறியின் பெயராக எடுத்துக்கொண்டு, அது அரைப்புள்ளியில் முடியவில்லையே என்று புகார் சொல்லும். & குறிக்குப் பின்னால் இடைவெளி விடாமல் ஏ, எம், பி என்று மூன்று சிறிய எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்துவிடுங்கள், அடங்கிவிடும். இணைப்பு கெடாது, பிரவுசர் அதை வெறும் & ஆகத்தான் எடுத்துக்கொள்ளும்.

விளம்பர நிரலில் வழக்கமாக இடிப்பது ‘அசிங்க்’ என்ற சொல். அது தனியாக நிற்கும், மதிப்பே இருக்காது. டேக்குக்குள் எழுதும் இந்த மாதிரிக் கூடுதல் விவரத்துக்குப் பண்பு என்று பெயர், எக்ஸ்எம்எல்லில் மதிப்பில்லாத பண்பு செல்லாது, எனவே ஒரு சமக்குறி போட்டு அதே சொல்லை மேற்கோளுக்குள் இன்னொரு முறை எழுத வேண்டும். படம், வரி முறிப்பு போன்ற ஒற்றை டேக்குகளைச் சாய்கோடு போட்டு முடிக்க வேண்டும். வெற்றிடக் குறியான ‘என்பிஎஸ்பி’யை எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியாது, &#160; என்று எண்ணால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலில் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும், நேரானதாக மாற்றுங்கள். அழகுக்காகக் குறிப்புரைக்குள் (பக்கத்தில் தெரியாமல் நிரலில் மட்டும் எழுதி வைக்கும் குறிப்பு) வரிசையாகச் சின்னக் கோடு இழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் இரண்டு கோடு அடுத்தடுத்து வரக்கூடாது.

உண்மையில் இந்த இரண்டு துண்டும் டெம்ப்ளேட்டுக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. ‘லேஅவுட்’ பக்கத்தில் எச்டிஎம்எல் கேட்ஜெட் ஒன்றைச் சேர்த்து அதில் ஒட்டினால் போதும். அங்கே எக்ஸ்எம்எல் கெடுபிடி கிடையாது, அசிங்க்கும் & குறியும் இருந்தபடி ஓடும். நான் யாருக்குச் செய்து கொடுத்தாலும் வெளியாள் கொடுத்த நிரலை கேட்ஜெட்டில்தான் போடுவேன்.

ஆனால் கெடுபிடி இல்லாத இடத்தில் வேறு தலைவலி உண்டு. பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பக்கம் மட்டும் அலங்கோலமாகிவிடும். ஒரு பழைய உதாரணம். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிற ஒருவரின் தளம், பிளாகர் அல்ல, சாதாரண எச்டிஎம்எல் பக்கம். “ஏனுங் தம்பி, விலைப்பட்டி பூரா கொட்டை எழுத்துல வருது, மேல இருந்த தலைப்பையுங் காணோம்” என்று கூப்பிட்டார். மூல நிரலைத் திறந்தால் தலைப்பு இருக்கிறது. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது அந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருந்தது. பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். பாமினியில் ‘ஈ’ எழுத்துக்கான விசை < குறி. திரையில் ‘ஈரோடு மஞ்சள்’ என்று தெரிகிற வரி, கோப்பில் < குறியோடும் நான்கு ஆங்கில எழுத்தோடும் தொடங்கும். பிரவுசர் அதை ஏதோ ஒரு புது டேக் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த > குறி வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கியது. அந்த > எங்கே இருந்தது? தலைப்பை மூடும் டேக்கின் கடைசியில். ஆகத் தலைப்பு மறைந்தது, தலைப்பின் மூடியும் மறைந்தது, கீழே இருந்த விலையெல்லாம் தலைப்பின் பகுதியாகிப் பருத்துவிட்டது.

‘கோபி’ என்றோ ‘பவானி’ என்றோ தொடங்கியிருந்தால் புரியாத ஆங்கில எழுத்தாக வெளியே தெரிந்திருக்கும், யாராவது அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெயர் ‘ஈ’யில் தொடங்கித் தொலைத்ததால் சுத்தமாகக் காணாமல் போயிருந்தது! இதே வரி பிளாகர் டெம்ப்ளேட்டில் இருந்தால் சேவ் ஆகவே விட்டிருக்காது.

இந்த மாதிரி மௌனப் பிழைக்கு ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பாருங்கள், தப்பான டேக்கைச் சிவப்பில் காட்டும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சோதிப்பானிலும் போடலாம். ஆனால் பிளாகர் பக்கத்துக்கு அது கொட்டுகிற பட்டியலைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், பாதி உங்கள் கையில் இல்லாதவை. டேக் மூடவில்லை, மூடி அனாதையாகக் கிடக்கிறது என்ற வகையை மட்டும் எடுத்து, முதலாவதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பின்னால் வந்தவற்றில் பலவும் அதனாலேயே வந்திருக்கும்.

நாளைக்கு உங்கள் முகப்பில் சைடுபார் கீழே விழுந்து, தனிப் பதிவுகள் பலவற்றைத் திறந்தால் சரியாக இருந்தால், டெம்ப்ளேட்டைத் தொடாதீர்கள். முகப்பில் தெரிகிற பதிவுகளில் ஏதோ ஒன்றில் கோளாறு. ஒவ்வொன்றாகத் தனியே திறந்து பாருங்கள், எதில் சைடுபார் விழுகிறதோ அதில்தான் பெரும்பாலும் கூடுதலாக ஒரு டிவ் மூடி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு செய்தும் சேவ் ஆகவில்லை என்றால், ஒட்டிய துண்டையும் அதற்கு மேலும் கீழும் உள்ள பத்துப் பத்து வரியையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே போடுங்கள். வாட்ஸ்அப் எண்ணை அழித்துவிட்டுப் போடுங்க.