ஃப்ரீசோன் கிராஜுவிட்டி: முதலில் பேசிக் எவ்வளவு என்று சொல்லுங்கள்

துபாய் ஜபல் அலி ஃப்ரீசோனில் (தனி நிர்வாகம் கொண்ட தொழில் மண்டலம்) 17 வருடமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது வரும் பணிக்கொடை உட்பட, அமீரகத்து ஃப்ரீசோன் செட்டில்மெண்ட் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மூன்று விவரம் மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: பேசிக் (படிகள் சேராத அடிப்படைச் சம்பளம்), சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள். மொத்தச் சம்பளத்தை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி (கடையநல்லூர், ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர்): அண்ணே, மொத்தம் 3,000, பேசிக் 1,800. 8 வருஷம் 4 மாசம் ஆச்சு. நானா ரிசைன் பண்ணினா பாதிதான் வரும்னு ரூம்ல எல்லாரும் சொல்றாங்க.

பதில்: தம்பி, ரூமில் சொல்வது பழைய கதை. 1980-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டத்தில் அப்படி ஒரு வெட்டு இருந்தது. காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தில் 1 முதல் 3 வருடத்துக்குள் ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்கு, 3 முதல் 5-க்குள் என்றால் மூன்றில் இரண்டு. 5 தாண்டியவருக்கு அப்போதும் முழுசுதான். 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடப்புக்கு வந்ததோடு அந்த வெட்டு போய்விட்டது. நீங்களாகப் போனாலும், கம்பெனி அனுப்பினாலும் கணக்கு ஒன்றுதான்.

பேசிக் 1,800-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 60 திர்ஹம். முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள்: 21 × 60 × 5 = 6,300. அதற்கு மேல் வருடம் 30 நாள்: 3 வருடத்துக்கு 5,400, மிச்சம் 4 மாதத்துக்கு 600. ஆக மொத்தம் 12,300 திர்ஹம். வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும்.

ஒன்றை மனசில் வையுங்கள். அந்த 3,000-மும் பேசிக்காக இருந்திருந்தால் உங்களுக்கு வருவது 20,500. மிச்சம் 8,200 திர்ஹம் போனது, சேரும்போது ஆஃபர் லெட்டரில் ஹவுசிங், டிரான்ஸ்போர்ட் என்று பிரித்துப் போட்டதால். அடுத்த கம்பெனியில் மொத்தத்தை மட்டும் பேசி முடிக்காதீர்கள். பேசிக்கைப் பேசுங்கள்.

கேள்வி (ஷார்ஜா ஹம்ரியா): ஃப்ரீசோனுக்கு லேபர் சட்டம் பொருந்தாது, தனிச் சட்டம் என்று எங்கள் மேனேஜர் சொல்கிறார். 15 நாள் கணக்கில் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: தவறு. தனித் தொழிலாளர் சட்டம் வைத்திருப்பவை இரண்டே இரண்டு: துபாயின் நிதி மையமான டிஐஎஃப்சி, அபுதாபியின் நிதி மையமான ஏடிஜிஎம். ஹம்ரியா, சைஃப் சோன், ஜபல் அலி, டிஎம்சிசி, ராஸ் அல் கைமா ஃப்ரீசோன் எல்லாவற்றுக்கும் கிராஜுவிட்டி விஷயத்தில் நாட்டின் பொதுச் சட்டம்தான். 21 நாளுக்குக் குறைத்துத் தர வழியே இல்லை. வேறுபாடு புகார் கொடுக்கும் இடத்தில் மட்டும். நீங்கள் முதலில் போக வேண்டியது உங்கள் ஃப்ரீசோன் நிர்வாகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு. அங்கே முடியாவிட்டால் லேபர் கோர்ட். ஒரு லட்சம் திர்ஹம் வரை கோரும் வழக்குக்குத் தொழிலாளிக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. வேலை முடிந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. 2024-க்கு முன்னால் அது ஒரு வருடமாகத்தான் இருந்தது.

கேள்வி: சார், டிஐஎஃப்சியில் வேலை. கிராஜுவிட்டியே கிடையாதாமே?

பதில்: பெயர் மாறியிருக்கிறது, உரிமை போகவில்லை. 2020 பிப்ரவரி முதல் அங்கே மாதாமாதம் பேசிக்கில் 5.83 சதவீதம், 5 வருடம் தாண்டினால் 8.33 சதவீதம், உங்கள் பெயரில் சேமிப்புத் திட்டத்தில் கட்டுகிறார்கள். ‘டியூஸ்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர், அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கே இன்னொரு நல்ல விதியும் உண்டு: பேசிக் மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. எல்லா ஃப்ரீசோனுக்கும் வர வேண்டிய விதி அது. வந்தால் இங்கே வருகிற கேள்விகளில் பாதி இல்லாமல் போகும்.

கேள்வி (சென்னையில் எச்ஆர் ஆக இருந்தவர்): உங்கள் கணக்கில் பிழை. நாள் சம்பளத்துக்கு 26-ஆல் வகுக்க வேண்டும். மாதத்தில் வேலை நாள் 26தானே? பத்து வருடம் கிராஜுவிட்டி போட்டிருக்கிறேன்.

பதில்: நீங்கள் போட்டது இந்தியக் கணக்கு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1972 சட்டப்படி வருடத்துக்கு 15 நாள், பேசிக்கும் டிஏவும் சேர்த்து, 26-ஆல் வகுத்து. அங்கே அது சரி. இங்கே அந்த 26 கிடையாது.

கேள்வி (இன்னொருவர் இடையில்): 26-உம் இல்லை, 30-உம் இல்லை. பேசிக்கை 12-ஆல் பெருக்கி 365-ஆல் வகுக்க வேண்டும். எங்கள் ஆடிட்டர் அப்படித்தான் போடுகிறார்.

பதில்: இதை இன்று தீர்த்துவிடுவோம். ஆளுக்கு ஒரு கணக்குப் போடுவதில் பணம் போவது தொழிலாளிக்கு.

பேசிக் 3,000 என்று எடுங்கள். ஒரு வருட சர்வீசுக்கு 21 நாள். 30-ஆல் வகுத்தால் 2,100. 365 கணக்கில் 2,071 சொச்சம். 26 கணக்கில் 2,423. மூன்றும் சரியாக இருக்க முடியாது.

நான் பார்க்கும் ஆதாரம் இது. பொதுச் சட்டத்தின் கீழும் கிராஜுவிட்டிக்குப் பதிலாகச் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம் என்று 2023-இல் அமைச்சரவை ஆணை வந்தது. கம்பெனிகள் விருப்பப்பட்டால் சேரலாம், ஃப்ரீசோன்களும் உண்டு. மாதாமாதம் கட்ட வேண்டிய விகிதம் அதே 5.83, 8.33. இந்த 5.83 எங்கிருந்து வந்தது? 21-ஐ 360-ஆல் வகுத்துப் பாருங்கள், 5.83 வரும். 365-ஆல் வகுத்தால் 5.75. 26 நாள் மாதம் என்றால் 6.73. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு முழுதாக ஒரு மாதச் சம்பளம். 365 கணக்கில் 30 நாள் சம்பளம் ஒரு முழு மாதத்தைத் தொடவே தொடாது. அரசு தானே போட்ட விகிதத்தில் மாதம் 30 நாள்தான்.

கேள்வி (எச்ஆர் ஆக இருந்தவர்): அப்படியானால் தொழிலாளிக்கு நஷ்டம்தானே? 26 என்றால் கூட வருமே?

பதில்: கூட வரும், உண்மை. ஆனால் இந்தியாவில் 15 நாள், அதுவும் பொதுவாக 5 வருடம் முடித்தால்தான். இங்கே ஒரு வருடம் முடித்தாலே 21 நாள், முடியாத வருடத்துக்கும் விகிதப்படி உண்டு. ஒரு சட்டத்தின் நாளையும் இன்னொரு சட்டத்தின் வகுத்தியையும் சேர்த்துக் கட்டக்கூடாது. அந்தக் கணக்கோடு ஒரு தம்பி புகார் கொடுக்கப் போனால் அவருடைய நியாயமான பாக்கியும் சேர்ந்து அடிபடும். கம்பெனி உங்களுக்கு 26-இல் கணக்குப் போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சட்டத்தைவிடக் கூடத் தருவதற்குத் தடையில்லை.

கேள்வி: மொத்தச் சம்பளம் 4,500. 6 வருஷம். எவ்வளவு வரும்?

பதில்: பேசிக்?

கேள்வி: எனக்கு 5,200, நாலு வருஷம். எவ்வளவு அண்ணே?

பதில்: பேசிக் எவ்வளவு? ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: 11 மாதம் முடிந்தது. உண்டா?

பதில்: இல்லை. ஒரு வருடம் முடிய வேண்டும். முடிந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் போங்கள்.

கேள்வி: வீட்டு வேலைக்கு வந்த அக்காவுக்கு எப்படி?

பதில்: அது வேறு சட்டம், என் துறை இல்லை. மனிதவள அமைச்சகத்தின் கீழ் வீட்டு வேலையாட்களுக்காக உள்ள தத்பீர் மையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (சைஃப் சோன்): விசா செலவைக் கிராஜுவிட்டியில் கழிப்பேன் என்கிறார்கள். 2020-இல் 4 மாதம் சம்பளமில்லா விடுப்பில் ஊரில் இருந்தேன். விசா கேன்சலேஷன் பேப்பரில் நாளைக்குக் கையெழுத்து கேட்கிறார்கள்.

பதில்: வேலைக்கு எடுத்த செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது, நேராகவும் சுற்றி வளைத்தும். நீங்கள் வாங்கிய கடன் பாக்கி என்றால் அது வேறு பேச்சு. அந்த 4 மாதம் சர்வீசில் கழியும், அதை மறுக்க முடியாது.

கையெழுத்துதான் எனக்குக் கவலை. 2007-இல் ஷார்ஜாவில் முதல் கம்பெனியை விட்டபோது, பிஆர்ஓ (விசா, அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் கம்பெனி ஆள்) மூன்று தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையெழுத்துக் கோடு மட்டும் தெரிகிற மாதிரி மடித்து நீட்டினார். மேலே எல்லாம் அரபி. ஃபிளைட் மறுநாள். போட்டுவிட்டேன். ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் இருந்தது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருட லீவ் சம்பளம் வரவேயில்லை. அந்தப் பணத்தில் அக்கா கல்யாணக் கடனை அடைக்க இருந்தோம்.

அதனால் நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் செட்டில்மெண்ட் ஷீட் கேளுங்கள்: கிராஜுவிட்டி, லீவ் சம்பளம், நோட்டீஸ், கடைசி மாதச் சம்பளம் தனித்தனியாக, கம்பெனி சீலோடு. தாளை விரித்துப் படியுங்கள், அரபி தெரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், போனில் படம் எடுங்கள். பணம் வராமல் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்திலேயே தேதி போட்டு, ‘பணம் இன்னும் கைக்கு வரவில்லை’ என்று ஆங்கிலத்தில் உங்கள் கையால் எழுதுங்கள்.

கேள்வி: ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அனுப்பிவிட்டார்கள், நோட்டீஸ் இல்லை. கிராஜுவிட்டியும் போச்சா?

பதில்: பழைய சட்டத்தில் போயிருக்கும். இப்போது போகாது. நோட்டீஸ் இல்லாமல் நீக்கினாலும் கிராஜுவிட்டி உண்டு. கேளுங்கள்.

கேள்வி: ரெண்டு வருஷச் சம்பளத்துக்கு மேல் தர மாட்டார்களாமே?

பதில்: உச்சவரம்பு அதுதான். சம்பளம் முழுவதும் பேசிக்காக இருந்தாலும் 25 வருடம் தாண்டித்தான் அதைத் தொடுவீர்கள். பயப்பட வேண்டாம்.

கேள்வி: மொத்தம் 3,800, எவ்வளவு கிடைக்கும்?

பதில்: மேலே படியுங்கள். பேசிக் இல்லாத கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (பரமக்குடி, டிஎம்சிசி): பாய், பேசிக் 2,400. சேர்ந்தது 2019 மார்ச் 1. கடைசி நாள் 2025 ஆகஸ்ட் 31. சம்பளமில்லா விடுப்பு எதுவும் இல்லை.

பதில்: இப்படிக் கேட்டால் ஒரு நிமிட வேலை. சர்வீஸ் ஆறரை வருடம். நாளுக்கு 80. முதல் 5 வருடம் 8,400, அடுத்த ஒன்றரை வருடம் 3,600. சரியாக 12,000 திர்ஹம். லீவ் பாக்கி இருந்தால் அதுவும் பேசிக்கில் கணக்குப் போட்டு இதற்கு மேல் வர வேண்டும். எத்தனை நாள் பாக்கி என்று எழுதுங்கள், அதையும் போட்டுத் தருகிறேன்.