வாரம் எத்தனை பதிவு போடலாம்? வலைப்பூ எழுதுவோர் கேள்வி-பதில்

மாடித்தோட்டம் பற்றி வலைப்பூ தொடங்கினேன். முதல் மூன்று வாரம் தினம் ஒரு பதிவு. நான்காவது வாரம் ஒன்றுகூட எழுத வரவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போகிறவள் நான். எழுத வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தாலே அதிகம். எத்தனை பதிவு போட்டால் தாக்குப்பிடிக்கலாம்?
– ஒரு வாசகி, தேனி

முதல் மூன்று வாரம் நீங்கள் செலவழித்தது பழைய சேமிப்பு. மண் கலவை, தொட்டி, கத்தரி, வெண்டை என்று பல வருஷமாக மனசில் கிடந்த இருபது தலைப்புகள் அப்படியே கொட்டின. அவை தீர்ந்த பிறகு, ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகக் கவனிக்கவும் சோதித்துப் பார்க்கவும் படம் எடுக்கவும் வேண்டியிருக்கிறது. அந்த வேலை தினசரிக் கணக்கில் அடங்காது. புதிதாகத் தொடங்குகிற பலர் இப்படித்தான் நிற்கிறார்கள். உங்களுக்கு எழுத வரவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை.

முதலில் அளந்து பாருங்கள். அடுத்த மூன்று பதிவுகளைத் தேதி எதுவும் வைத்துக்கொள்ளாமல் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். 700 சொல் பதிவு ஒன்றுக்குக் கணக்கு இப்படி வரலாம்: விவரம் சரிபார்க்க 80 நிமிடம், முதல் வரைவு 90, திருத்தம் 45, படங்களைச் சுருக்கி ஏற்றித் தலைப்பும் லேபிளும் போட 35. மொத்தம் 250 நிமிடம், அதாவது நான்கு மணி பத்து நிமிடம். மூன்று பதிவுகளுக்கும் சராசரி எடுக்காதீர்கள். அதிக நேரம் பிடித்த பதிவு எதுவோ, அதையே அளவாக வையுங்கள். சராசரியை நம்பிப் போட்ட அட்டவணை, முதல் கடினமான தலைப்பு வந்ததும் உடைந்துவிடும்.

இனி உங்கள் நேரம். வாரம் மூன்று மணி என்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு ஆறு மணி. அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, 30 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள். விருந்தாளி வருவார்கள், மின்சாரம் போகும், முகூர்த்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையே கையில் இருக்காது. மீதி நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். ஒரு பதிவுக்குச் சரியாக இருக்கிறது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒன்று. குறைவாகத் தோன்றும், ஆனால் வருஷத்துக்கு இருபத்தாறு பதிவு. இப்போதைய நிலைமையில் உங்கள் வலைப்பூவில் அடுத்த வருஷம் இருக்கப்போவதைவிட அது அதிகம்.

நான்கு வேலைகளையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதல் சனிக்கிழமை விவரம் சேகரித்து, பத்து வரிகளில் குறிப்பு. மறுநாள் வரைவு. அதற்குப் பின் வாரநாட்கள் முழுதும் தொடாமல் விடுங்கள். அடுத்த சனிக்கிழமை திருத்தமும் படமும். எழுதிய அன்றே திருத்தினால் கண் எழுத்தைப் படிக்காது, மனசில் இருப்பதைத்தான் படிக்கும். 'ஒரு பங்கு தொழு உரம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மூன்று பங்கு' என்று விழுந்திருப்பது அன்றைக்குத் தெரியவே தெரியாது. அதை நம்பி ஒருவர் செடியைக் கருக்கிவிட்டால், அப்புறம் நீங்கள் எத்தனை பதிவு போட்டு என்ன?

மறுபடி தொடங்கும் முன் நான்கு பதிவுகளை முழுதாக முடித்துக் கையிருப்பில் வையுங்கள். அது இரண்டு மாதத்துக்கான சேமிப்பு. 'ரெடியாகத்தானே இருக்கிறது' என்று முன்கூட்டியே வெளியிட்டுவிடும் ஆசையே பல சேமிப்புகளைக் கரைத்தது. இருப்பு இரண்டுக்குக் கீழே இறங்கினால், அடுத்தது 300 சொல்லில் ஒரே ஒரு பூச்சியைப் பற்றிய சின்னப் பதிவாக இருக்கட்டும். அதற்குத் தோதான தலைப்புகளை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள்.

உங்கள் துறைக்கென்று ஒன்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். விதைப்பு பற்றிய பதிவை ஆடி பிறந்த பிறகு போட்டால், படிக்கிறவர் பையும் மண்ணும் தயார் செய்வதற்குள் பாதி மாதம் போய்விடும். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. எனவே பதிவு ஜூன் கடைசி வாரம் வெளியாக வேண்டும், வரைவு ஜூன் தொடக்கத்தில் முடிய வேண்டும். முளை விட்ட நாற்றின் படம் ஜூனில் எங்கிருந்து வரும்? போன ஆடியில் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. ஆகவே இந்தப் பருவத்தில் எடுக்கிற படங்கள் அடுத்த வருஷத்துக்கான முதலீடு. மாதப் பெயரில் கோப்புறை போட்டு, எடுத்த அன்றே பெயரிட்டு வையுங்கள். இரண்டு வாரம் ஆனால் கத்தரி நாற்றா மிளகாய் நாற்றா என்று உங்களுக்கே குழப்பம் வரும்.

என் தளம் வேர்ட்பிரஸ்ஸில். காலை 6 மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்தால் 11.30க்கு வருகிறது. சில நாட்களில் வரவே வருவதில்லை. 'நேரம் தவறியது' என்று காட்டுகிறது. எந்தக் கிழமை, எந்த நேரம் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இவை இரண்டு வேறு வேறு கோளாறுகள்.

ஐந்தரை மணி நேரத் தாமதத்துக்குக் காரணம் நேர மண்டலம். வேர்ட்பிரஸ்ஸை நாமே நிறுவும்போது அது வழக்கமாக உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். இலங்கை, இந்தியா இரண்டுமே அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கின்றன. அமைப்புகள் பகுதியில் 'பொது' என்ற பக்கத்துக்குப் போய், நேர மண்டலத்தில் கொழும்பைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நேரம் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். பிளாகர் பயன்படுத்துகிறவர்களும் அமைப்புகளில் நேர மண்டலத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வராமலே போவதற்குக் காரணம் வேறு. வேர்ட்பிரஸ்ஸுக்குள் சுயமாக ஓடும் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் 'செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா' என்று அது பார்க்கும். புதிய தளத்துக்கு விடியற்காலையில் யாரும் வரமாட்டார்கள். அதனால் பதிவு தூங்கும். பக்கங்களை முன்பே சேமித்து வைத்துக் காட்டும் செருகுநிரல் (கேஷ் பிளக்இன்) இருந்தால், ஆள் வந்தும்கூட இந்தச் சோதனை நடக்காமல் போகலாம். தீர்வு இதுதான்: ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் 'கிரான் ஜாப்ஸ்' (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) என்ற இடத்துக்குப் போய், தளத்தின் டபிள்யூபி-கிரான் கோப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும்படி வையுங்கள். எப்படி என்று புரியாவிட்டால் ஹோஸ்டிங் உதவிப் பிரிவிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே செய்து தருவார்கள். அதுவரை, நேரத்தை உங்களுக்கு ஆட்கள் வருகிற மாலைப் பொழுதுக்கு மாற்றி வையுங்கள்.

கிழமை விஷயத்தில் எல்லோருக்கும் பொதுவான நல்ல நாள் என்று ஒன்று இல்லை. இருபது பதிவுகளாவது வந்த பிறகுதான் உங்கள் வாசகர் எப்போது வருகிறார் என்று பார்வையாளர் கணக்கு எதையாவது சொல்லும். அதுவரை, வெளியான பின் இரண்டு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிற நாளாகப் பாருங்கள். பிழை சுட்டுகிறவருக்குச் சூட்டோடு பதில் சொல்லவும், திருத்தவும் அது வேண்டும்.

வாரம் நான்கு பதிவாவது போடாவிட்டால் கூகுள் பின்னுக்குத் தள்ளிவிடும், அதன் விளம்பர வருமானத் திட்டமான ஆட்சென்ஸும் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், திருப்பூர்

உண்மையில்லை. தேடலில் மேலே வரும் என்று எண்ணி நிறையப் புதிய பக்கங்களைச் சேர்ப்பதால் பலனில்லை என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. உள்ளடக்கத்தைத் தொடாமல் தேதியை மட்டும் மாற்றிப் புதிதுபோலக் காட்டுவதையும், செய்யக் கூடாதவற்றில் ஒன்றாகவே அது சொல்கிறது. இத்தனை சொல் இருக்க வேண்டும் என்ற அளவும் கிடையாது.

பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓங்கியிருந்த காலத்தில் கதை வேறு. பதிவு போட்டதும் திரட்டியின் முகப்பில் தெரியும். அடிக்கடி போட்டவர் அடிக்கடி கண்ணில் பட்டார். 'தினம் எழுது' என்ற அறிவுரை அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. இன்று தேடி வருகிறவர் நீங்கள் கடைசியாக எழுதியதைத் தேடவில்லை. அவர் கேள்விக்குப் பதிலாக இருக்கும் பதிவைத் தேடுகிறார். அது மூன்று வருஷம் பழையதாக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களை ஏற்கிறது. அவர்கள் பார்ப்பது தளத்தில் சொந்தமாக எழுதிய, பயனுள்ள உள்ளடக்கம் இருக்கிறதா, விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்பதைத்தான். வாரம் நான்கு என்று கட்டாயப்படுத்திக்கொண்டு வேறு தளத்திலிருந்து எடுத்துப் போடத் தொடங்கினால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகும்.

கோயில் கல்வெட்டுகள் பற்றி 'இருபத்தைந்து வாரத் தொடர்' என்று அறிவித்தேன். ஆறாவது வாரத்தில் நிற்கிறது. எப்படி மீட்பது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

கல்வெட்டை வாரக் கணக்கில் கட்டுப்படுத்த முடியாது. ஒன்றின் வாசகம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியில் அச்சாகியிருக்கும். இரண்டு மணியில் முடியும். இன்னொன்றில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் சிதைந்திருக்கும். மூன்று வாரம் பிடிக்கும். ஏழாவது பகுதி அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தள்ளிவைத்துவிட்டு, கைக்கு எட்டுகிற எட்டாவதை இப்போது வெளியிடுங்கள்.

அதற்கு வசதியாக எண்களை எடுத்துவிடுங்கள். 'பகுதி 7' என்று போட்டால் ஏழு முடியாமல் எட்டு வர முடியாது. ஊரும் கோயிலும் தலைப்பில் இருக்கட்டும். தொடரின் பெயர் லேபிளாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் தனியாகப் படித்தாலும் புரியும்படி முதல் பத்தியில் இடம், காலம், மன்னர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். எத்தனை வாரம் என்ற வாக்குறுதியைத் தொடரின் அறிமுகப் பக்கத்திலிருந்து நீக்கி, 'மாதம் ஒன்று' என்று மாற்றுங்கள். ஒரு முறை நேர்மையாகச் சொல்லிவிட்டால் வாசகர் ஏற்றுக்கொள்வார். இனி எப்போது தொடர் அறிவித்தாலும், பாதியையாவது எழுதி முடித்த பிறகே அறிவியுங்கள்.

பயணத்தையும் பதிவுக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். ஒரு நாள் போனால் அருகருகே உள்ள மூன்று கோயில்களை முடித்துக்கொண்டு வாருங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சிவேளைப் படத்தை வீட்டில் வைத்துப் படிக்க முடியாமல், மறுபடி ஒருமுறை போக நேரிடும்; அட்டவணை அங்கேதான் நழுவும். எந்தச் சுவர், எந்தத் திசை, எத்தனையாவது வரி என்பதை அன்று இரவே படத்தின் பெயரில் எழுதி வையுங்கள்.

கல்லூரி மாணவி நான். தேர்வு வந்தால் ஒன்றரை மாதம் எழுத முடியாது. முன்கூட்டியே அறிவிக்கவா, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கவா?
– ஒரு வாசகி, மதுரை

தேர்வுத் தேதி முன்பே தெரிவதால், கடைசிப் பதிவின் அடியில் 'அடுத்த பதிவு ஜூன் முதல் சனிக்கிழமை' என்று ஒரு வரி போதும். அந்த முதல் பதிவைத் தேர்வுக்கு முன்பே எழுதி, நேரம் குறித்து வைத்துவிடுங்கள். ஒன்றரை மாதம் கழித்து வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தால் தொடங்குவதற்கே இரண்டு வாரம் ஆகும்.

திரும்பி வந்ததும் 'நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்' என்று தனிப் பதிவு வேண்டாம். தேடலில் வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்படி இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால், முகப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது வருத்தங்கள் மட்டுமே. நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

தட்டச்சு மெதுவாகத்தான் வருகிறது. பேசியே பதிவை எழுதலாமா?
– ஒரு வாசகர், சேலம்

வரைவுக்குத் தாராளமாகச் செய்யலாம். கூகுள் டாக்ஸும் செல்பேசியின் ஜிபோர்டு விசைப்பலகையும் தமிழில் பேசுவதை எழுத்தாக்குகின்றன. முற்றுப்புள்ளியும் பத்தியும் நீங்கள்தான் போட வேண்டும். ல-ள-ழ, ர-ற, ஒற்று ஆகியவற்றில் தவறு விழும். எனவே வரைவில் மிச்சமாகிற நேரத்தில் பாதியைத் திருத்தத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேச வேண்டாம். ஒரு துணைத்தலைப்புக்கு ஒருமுறை நிறுத்தி, பேசியது என்னவென்று நினைவிருக்கும்போதே படித்துப் பாருங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், அளவு ஆகியவற்றைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.